குழுவாகக் கேசினோவுக்குச் செல்லும்போது அறை வாடகையில் தள்ளுபடி பெறுவது எப்படி?

நண்பர்கள் 20 பேர் கேசினோ விடுதியில் தங்கப் போவதாகவும், அறைகளைக் குறைந்த வாடகைக்குப் பெற வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன்பதிவுத் தளங்களை விட்டுவிட்டு, விடுதியின் குழு விற்பனைப் பிரிவை நேரடியாக அழையுங்கள்; பல விடுதிகள் 10 அறைகள் அளவில்தான் குழு வாடகையைப் பேசத் தொடங்கும், வார நாட்களில் இன்னும் இறங்கி வரும்.

இலவச அறை என்பது வேறு கணக்கு. உறுப்பினர் அட்டையுடன் (ஒருவர் எவ்வளவு ஆடுகிறார் என்பதைக் கேசினோ பதிவு செய்ய உதவும் அட்டை) ஆடுபவரிடமிருந்து கணிதப்படி எவ்வளவு வரும் என்று கேசினோ மதிப்பிட்டு, அதில் ஒரு பகுதியை மட்டுமே சலுகையாகத் திருப்பித் தருகிறது. இரட்டைச் சுழியம் (0, 00) உள்ள ரூலெட் என்ற சுழல் சக்கர ஆட்டத்தில் சுற்றுக்கு 100 வீதம், மணிக்கு 40 சுற்றாக 4 மணி நேரம் ஆடினால் மொத்தப் பந்தயம் 16,000. கேசினோவின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, 5.26 சதவீதம் என்பதால், எதிர்பார்க்கப்படும் இழப்பு ஏறத்தாழ 842. அறைக்காகவே கூடுதலாக ஆடுவது நட்டக் கணக்கு என்பதைக் குழுவில் ஒவ்வொருவருக்கும் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். எப்படியும் ஆடுபவர்கள், முதல் பந்தயத்துக்கு முன்பே அட்டையைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிரம்பாத அறைகளுக்கும் பணம் கட்ட வேண்டுமா, வாடகைக்கு மேல் நாள்தோறும் தனிக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.