பெத்துக்கு ஏன் இத்தனை கோபம்? – வாசகர் கேள்வி பதில்

கே: பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் 'கசின் பெத்' நாவலை இங்கிலீஷில் படித்து முடித்தேன். சொந்தக்காரர்கள் சோறு போட்டுத் துணி கொடுத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் குடும்பத்தையே அழிக்கிற அளவுக்கு அந்த அம்மாவுக்கு என்ன கோபம்?
– வாசகி, கோத்தகிரி

ப: அந்தச் சோறும் துணியும்தான் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பெத்தும் அதெலினும் லொரேன் பகுதி விவசாயக் குடும்பத்துப் பெண்கள். பெத், அதெலினுக்குப் பெரியப்பா மகள், ஐந்து வயது இளையவள். அதெலின் அழகி என்பதால் வீட்டில் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள், பெத்தை வயலுக்கு அனுப்பினார்கள். அப்புறம் பாரன் (இது பிரபுப் பட்டம்) ஊலோ அதெலினைக் கட்டிக்கொண்டு பாரிஸ் போகிறார், பெத்தையும் வரவழைத்துச் சரிகைப் பின்னல் வேலையில் சேர்த்துவிடுகிறார்கள். நன்றாகவே முன்னுக்கு வந்தாள், ஆனால் நெப்போலியன் விழுந்ததும் அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் யார்? நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற அத்தை. எல்லாரும் அவளிடம் ரகசியம் சொல்வார்கள், அவளுக்கு ஒரு காதலன் இருக்கிறான் என்றால் மட்டும் வீடே சிரிக்கும்.

காதலன் என்றுகூடச் சொல்ல முடியாது. மேல் மாடியில் கரிப்புகை போட்டுச் சாகக் கிடந்த போலந்துக்காரச் சிற்பி வென்செஸ்லாஸைக் காப்பாற்றி, தன் சேமிப்பைக் கொட்டி, மகனைப் போலவும் கைதியைப் போலவும் வைத்திருந்தாள் (அவன் கைமீறிப் போகிறான் என்று தெரிந்ததும் கடன் வழக்கில் ஜெயிலுக்கே அனுப்பிய ஆள் இவள், அதையும் மறக்க வேண்டாம்). அவனை அதெலினின் மகள் ஒர்தான்ஸ் கட்டிக்கொள்கிறாள். அதுவும் யாருக்குமே ஒரு குற்றமாகப் படவில்லை, அதுதான் பெத்துக்குத் தாங்கவில்லை.

கே: அப்படியென்றால் குடும்பத்தைக் கெடுத்தது பெத்தா, பாரனா?
– வாசகர், குன்னூர்

ப: பாரன்தான், சந்தேகமே வேண்டாம். நாவல் 1838இல் தொடங்கும்போதே அவர் ஒரு பாடகிக்காக மகளின் சீர்ப் பணம் வரை தின்று தீர்த்துவிட்டார். முதல் பழிவாங்கலும் பெத்துடையது இல்லை. 'உன் புருஷன் என் ஆசைநாயகியைப் பறித்துக்கொண்டான், பதிலுக்கு நீ வா' என்று அதெலின் முன்னால் வந்து நிற்கிறானே க்ரெவெல், வாசனைத் தைலம் விற்றுப் பணக்காரனான சம்பந்தி, அவனுடையது. பெத் செய்தது, பள்ளத்தில் உருளுகிற வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளியது. பக்கத்து வீட்டு வலேரியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். அந்த வலேரி, வயிற்றில் இருக்கிற ஒரே குழந்தைக்கு நாலு பேரிடம் தனித்தனியாக 'நீங்கள்தான் அப்பா' என்று சொல்லி நாலு பேரையும் மயக்கி வைத்திருக்கிற இடம் இருக்கிறதே, பால்சாக்கின் குறும்பு உச்சத்துக்குப் போவது அங்கேதான். பாரன் அவளுக்காக அல்ஜீரியாவில் அரசாங்கப் பணத்தில் கை வைக்கிறார், பழி விழுந்த அதெலினின் சித்தப்பா யோஹான் தற்கொலை செய்துகொள்கிறார்.

பெத்துக்குக் கிடைத்த அடியும் இதே ஊழலில்தான் இருக்கிறது. பாரனின் அண்ணன் மார்ஷல் ஊலோ, வயதானவர், காது கேட்காதவர், நேர்மையானவர். அவரைக் கட்டிக்கொண்டு மார்ஷல் மனைவியாக அதெலினுக்கு மேலே போய் உட்கார வேண்டும் என்பது பெத்தின் கணக்கு. தம்பியின் திருட்டு வெளியே வந்த அவமானத்தில், கல்யாணத்துக்குச் சற்று முன்னால் அவர் செத்துப்போகிறார்.

கே: நூறு பக்கம் தாண்டியும் நகரவில்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், ஊட்டி

ப: வேண்டாம். பால்சாக் முதலில் வீடு, திரைச்சீலை, யாருக்கு எவ்வளவு வட்டி எல்லாம் சொல்லி முடித்துத்தான் ஆட்களை நடக்க விடுவார். 1846 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு பாரிஸ் நாளிதழில் தொடர்கதையாக வந்தது இது, அதனால் வேகம் பிடித்தபின் நம் வாரப் பத்திரிகைத் தொடர் மாதிரி இழுத்துக்கொண்டு போகும். பணக் கணக்குப் பத்திகளைத் தாண்டாதீர்கள், பின்னால் தேவைப்படும். பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். டவர் கிடைக்கிற இடத்தில் முழுசாக இறக்கிக்கொள்ளுங்கள், ஜூலை மழையில் கரண்ட் போனாலும் போனில் படிக்கலாம்.

கே: நாங்கள் காப்பி போடுகிறவர்கள். பால்சாக் காப்பிப் பைத்தியமாமே?
– வாசகர், கூடலூர்

ப: உண்மைதான். வெறும் வயிற்றில், தண்ணீர்கூட அதிகம் சேர்க்காமல் காப்பித் தூளையே உள்ளே தள்ளுவதைப் பற்றி 1839இல் அவரே எழுதியிருக்கிறார். ராத்திரியில் எழுந்து விடிய விடிய எழுதுகிறவர். 51 வயதில் இறந்துபோனார். உங்கள் தோட்டத்துக் காப்பியைப் பால் ஊற்றிக் குடியுங்கள்.

கே: கடைசியில் பெத் பிடிபடுகிறாளா? அடுத்து எதைப் படிக்கலாம்?
– வாசகி, குன்னூர்

ப: பிடிபடவே இல்லை. காசநோயில் சாகிறாள், கட்டிலைச் சுற்றி நின்று குடும்பமே 'எங்கள் தெய்வம்' என்று அழுகிறது. அடுத்து 1847இல் வந்த 'கசின் போன்ஸ்' படியுங்கள். அதிலும் ஏழைச் சொந்தக்காரர்தான், ஆனால் அங்கே சொந்தங்கள் அவரைக் கொத்தித் தின்கிறார்கள். எனக்கு அதைவிட 'கசின் பெத்'தான் பிடிக்கும்.