மௌனம் எப்போது பொய்யாகும்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடி, 'நேர்மை என்றால் என்ன?' மாதிரி கேள்விகளைப் பேசுகிறோம். அரை மணி நேரத்தில் பட்டிமன்றமாகிவிடுகிறது. எங்கே பிசகுகிறது?

பதில்: எட்டுப் பேர் சரியான அளவு. பிசகு, வரையறையில் தொடங்குவதில்தான். ஆளுக்கொரு வரையறை சொன்ன பிறகு, அதைக் காப்பாற்றவே நேரம் போகும். ஜெர்மன் தத்துவவாதி லெனார்ட் நெல்சன் 1922-இல் விளக்கிய, கேள்வி கேட்டே சிந்திக்க வைக்கும் சாக்ரடீஸ் முறையை, அவருடைய மாணவர் குஸ்தாவ் ஹெக்மன் குழு உரையாடலாக வளர்த்தெடுத்தார். அதில் பேச்சு ஒரு சம்பவத்தில் கால் ஊன்றி நிற்கும்.

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள்: 'மௌனம் எப்போது பொய்யாகும்?' ஒவ்வொருவரும் தனக்கே நடந்த ஒன்றை இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். அவற்றில் சிறியதாக, நடந்து முடிந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் ஆறாத காயத்தை எடுத்தால் குழு யோசிக்காது, ஆறுதல் சொல்லப் போய்விடும்.

'வேறொருவர் எழுதிய அறிக்கையை என்னுடையது என்று நினைத்து மேலாளர் பாராட்டினார், நான் திருத்தவில்லை' என்கிறார் ஒருவர். மற்றவர்கள் இப்போதைக்குத் தகவல் மட்டும் கேட்கலாம், தீர்ப்பு கூடாது. பிறகு, 'எந்த நொடியில் அது பொய்யானது?' என்று கேளுங்கள். 'நன்றி சார் என்றேனே, அப்போது' என்பார். அதை அவர் சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். அழகான நடையில் மாற்றி எழுதினால் வாக்கியம் அவருடையதாக இருக்காது, பொறுப்பும் ஏற்கமாட்டார். உடனே யாராவது, 'அப்படியானால் பொய் சொன்னது நன்றிதானே, மௌனம் இல்லையே? சும்மா சிரித்திருந்தால்?' என்று மடக்குவார்கள். உரையாடல் சூடு பிடிப்பது இங்கேதான். இந்த ஓர் உதாரணத்துக்கே இரண்டு மணி நேரம் போதாது.

கேள்வி: நெறியாளர் தன் கருத்தைச் சொல்லலாமா?

பதில்: கூடாது. சொன்னால் அது விடையாகிவிடும், எல்லோரும் தலையாட்டுவார்கள். 'அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்பதுதான் அவருடைய முக்கிய ஆயுதம். மனஸ்தாபம் தலைகாட்டினால் தலைப்பை நிறுத்திவிட்டு, 'நாம் எப்படிப் பேசிக்கொண்டிருக்கிறோம்?' என்று பத்து நிமிடம் பேசுங்கள். அந்தப் பகுதியை வேறொருவர் நடத்துவது நல்லது. குறையே நெறியாளர்மீது இருக்கலாம், இல்லையா?

கேள்வி: முடிவு எட்டாவிட்டால் வாக்கெடுப்பு?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒருவர் மறுத்தாலும் அவருடைய காரணத்தைப் பலகையில் எழுதி, அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்குங்கள்.