அந்தப் பாலம் எப்போது வந்தது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. 19 வருடமாக நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். ஒரு டிரிப் போனால் வீடு திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வண்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வீட்டைப் பற்றித்தான்.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியும் முன்பே எழுந்து டயரைத் தட்டிப் பார்த்து, தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிவிட்டுக் கிளம்புவேன். மதியம் சரக்கு இறக்கப் போனால் ஆறு மணி நேரம் காத்திருப்பு. அதற்குக் கூலி கிடையாது. வரிசை நகர நகர வண்டியை நகர்த்த வேண்டும் என்பதால் படுக்கவும் முடியாது. இருட்டிய பிறகு அடுத்த லோடை ஏற்றிவிட்டு, "விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடு" என்பார்கள்.

இத்தனையும் யாருக்காக? என் மனைவி போனையே எடுப்பதில்லை. பகலில் இரண்டு வார்த்தை. ராத்திரி அதுவும் இல்லை. முன்பெல்லாம் ஒரு மணி நேரம்கூடப் பேசுவாள், இப்போது "காலையில் வேலைக்குப் போகணும்" என்கிறாள். வீட்டுக்குப் போனாலும் நான் விருந்தாளிதான். என் குறட்டை தாங்கவில்லை என்று வேறு அறைக்குப் போய்விட்டாள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது. "அப்பா வந்தாலே தூக்கம்தான்" என்கிறாள் மகள். யாரும் மதிப்பதில்லை.

போன மாதம் ராத்திரி மூன்று மணிக்கு நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு பெரிய பாலத்தைத் தாண்டிய நினைவே எனக்கு இல்லை, அடுத்த ஊர்ப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அது இருக்கட்டும். பாசம் இருந்தால் நான்காவது முறையாவது எடுக்க மாட்டாளா? அவளை எப்படிப் பேச வைப்பது?

- ஒரு ஓட்டுநர்

அன்பு நண்பருக்கு,

"அது இருக்கட்டும்" என்று எழுதிவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

பழகிய சாலையில் மனம் வேறெங்கோ போய்விடுவது உண்டு. ஆனால் நீங்கள் முந்தைய நாள் விடியலில் எழுந்தவர். நடுவில் படுக்கவே இல்லை. மனிதனுக்குத் தூக்கம் மிகவும் அழுத்தும் நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பாலத்தின் மேல் நீங்கள் தூங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இதை நுண்ணுறக்கம் என்பார்கள். சில நொடிகள்தான், கண்கூடத் திறந்தே இருக்கலாம், தூங்கியதும் நமக்குத் தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்றால், கிட்டத்தட்ட 90 மீட்டருக்கு அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிதானத்துக்குச் சமமாகிவிடுகிறது என்று 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நீங்கள் அதையும் தாண்டி ஓட்டியிருக்கிறீர்கள்.

இப்போது அந்த நான்கு அழைப்புகளுக்கு வருகிறேன். மூன்று மணிக்குப் பேசுவதற்கு என்ன இருந்தது? விழித்திருக்க உங்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், நடுராத்திரி எழுப்பி, பிறகு எடுக்கவில்லை என்று கோபிக்கிற ஒரு கணவர். ஒரு மணி நேரம் பேசிய அந்த நாட்களில், உங்களை விழித்திருக்க வைக்கத் தன் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்கும் போயிருக்கிறார். இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். அந்த ராத்திரி அவர் எடுத்திருந்தாலும் உங்கள் தூக்கம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், தீர்ந்திருக்காது.

உங்கள் கோபம் நியாயமானது. ஆறு மணி நேரம் கூலியில்லாமல் நிற்க வைப்பது அநியாயம். ஆனால் அங்கே காட்ட முடியாத கோபம் முழுவதும், ராத்திரியில் போன் எடுக்காத ஒருவர் மேல் போய் இறங்குகிறது.

இன்னொன்று. குறட்டையையும் விடியலில் தீராத அசதியையும் அவமதிப்புக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அவை உடம்பின் அறிகுறிகளாகத் தெரிகின்றன. தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபட்டு, மூளை திரும்பத் திரும்ப விழித்தால் எட்டு மணி நேரத் தூக்கமும் தூக்கமாகாது. ஓர் இரவுப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம், சிகிச்சையும் உண்டு. அடுத்த டிரிப்புக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ராத்திரி ஓட்ட முடியாது என்று முதலாளியிடம் சொல்லுங்கள். கண் அசந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். எழுந்த உடனே வண்டியை எடுக்காதீர்கள், தூக்கக் கலக்கம் தெளியட்டும்.

அப்புறம், ஒரு பகல் நேரத்தில், வண்டியை நிறுத்திவிட்டு மனைவியைக் கூப்பிடுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.