20 மாதமாகியும் கத்தாத ஜெர்சி கிடேரி

கேள்வி: ஜெர்சி கலப்பினக் கிடேரிக்கு 20 மாதம். பருவத்துக்கு வந்த அடையாளமாக இதுவரை கத்தியதே இல்லை. 5 நாளுக்கு முன் வாலில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருந்தது. நெஞ்சுச் சுற்றளவு 54 அங்குலம், உடல் நீளம் 46 அங்குலம். வைக்கோல், சோளத்தட்டை, அரைக் கிலோ தவிடு கொடுக்கிறோம். பருவத்துக்கு வர ஊசி போடலாமா?

பதில்: ஊசி வேண்டாம். உங்கள் கிடேரி பருவத்துக்கு வந்துவிட்டது. நீங்கள்தான் பார்க்கத் தவறிவிட்டீர்கள். பருவம் முடிந்து 1 முதல் 3 நாளில் கிடேரிகளுக்கு இப்படிக் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. அதைப் பார்த்துச் சினை ஊசி போடுவது வீண், கருமுட்டை அதற்குள் வெளியேறியிருக்கும். ரத்தம் கண்ட தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அதிலிருந்து 18, 20 நாளில் அடுத்த பருவம்.

ஆனால் அப்போதும் சினை ஊசி போடாதீர்கள், எடை போதாது. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை வரும்: 54 × 54 × 46 ÷ 660, ஏறக்குறைய 203 கிலோ. ஜெர்சி கலப்பினத்துக்கு 230 கிலோவாவது வேண்டும். வயதைப் பார்த்து அவசரப்பட்டால் கன்று ஈனும்போது சிக்கும், முதல் ஈற்றுப் பாலும் குறையும், ஈன்றபின் மறுபடி பருவத்துக்கு வரவும் நாளாகும்.

வைக்கோலும் தட்டையும் வயிற்றைத்தான் நிரப்பும். தினம் 15 கிலோ பசுந்தீவனம் கொடுங்கள், அதில் 3 கிலோ வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமாக இருந்தால் நல்லது. அடர்தீவனம் 2 கிலோ, தாது உப்புக் கலவை 30 கிராம். அடர்தீவனத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு கெட்டு இரை எடுக்காது. 10 நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட்டுக் குடற்புழு மருந்து கொடுங்கள். நாளுக்கு 400 முதல் 500 கிராம் ஏறினால் இரண்டு மாதத்தில் எடை வந்துவிடும்.

எல்லாக் கிடேரியும் கத்தாது. கட்டிய இடத்திலேயே நிற்கிற மாட்டில் அடையாளம் தெரிவது இன்னும் கடினம். விடியலிலும் இரவு 9 மணிக்கும் அரைமணி நேரம் மற்ற மாடுகளோடு அவிழ்த்துவிடுங்கள். வேறு மாடு மேலே தாவும்போது விலகாமல் நின்றால் அதுதான் சரியான பருவம். கண்ணாடி போன்ற வழும்பு தொங்குவதும் அடையாளம். எடை வந்தபின், காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி. ஊசி போட்டு 60 நாள் கழித்து மருத்துவரிடம் சினை பாருங்கள். பருவம் திரும்பவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், போன தடவையும் அது உங்கள் கண்ணில் படவில்லையே.