குண்டு போட்டவர் மனசில் என்ன இருந்தது? எண்ணெய் விலை பற்றி மும்பைத் தமிழர்களின் கேள்விகள்

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22 அன்று அதிபர் ட்ரம்ப் உத்தரவில் அமெரிக்காவும் குண்டு போட்டது. 24 அன்று சண்டை நின்றது. அந்தப் பன்னிரண்டு நாளும் செம்பூர், மாட்டுங்கா, தாராவியில் தமிழர்கள் கூடிய இடமெல்லாம் ஒரே பேச்சு: "இந்த ஆள் எதற்காக இதைச் செய்கிறார்? எண்ணெய்க்காகத்தானே?" மாகுல் பக்கம் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் வாங்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பினார்கள். சண்டை நின்ற கையோடு, 2025 ஜூன் கடைசியில் நான் எழுதிய பதில்கள் இதோ.

முலுண்ட், வங்கி ஊழியர்: அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளுக்கு விலையை ஏற்றிக் கொடுக்கத்தான் ட்ரம்ப் குண்டு போட்டார் என்று எங்கள் ஆபீசில் அடித்துச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சார்?

மறுநாளே, ஜூன் 23 அன்று, எண்ணெய் விலையை எல்லாரும் குறைவாகவே வைத்திருங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் பகிரங்கமாக எழுதினார். 24 அன்று, சீனா இனி ஈரானிடம் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்றார். விலை ஏற வேண்டும் என்று நினைப்பவர் பேசுகிற பேச்சு இல்லை இது. அதற்காக, விலையை இறக்கத்தான் போருக்குப் போனார் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

உலகிலேயே அதிகமாக எண்ணெய் எடுக்கும் நாடும் அமெரிக்காதான், அதிகமாகச் செலவழிக்கும் நாடும் அதுதான். விலை ஏறினால் டெக்சாஸ் முதலாளிக்கு லாபம், இறங்கினால் கார் வைத்திருக்கும் வாக்காளருக்கு லாபம். ஆக, எது நடந்தாலும் "பார்த்தீர்களா, இதற்காகத்தான்" என்று சொல்லிவிடலாம். எந்த முடிவு வந்தாலும் சரி என்று காட்டுகிற ஒரு வாதத்தால் எதையும் நிரூபிக்க முடியாது.

செம்பூர், கல்லூரி மாணவி: அப்படியானால் ஒரு தலைவர் எதற்காகப் போருக்குப் போனார் என்று யாராலுமே தெரிந்துகொள்ள முடியாதா?

முடியும், ஆனால் காலம் ஆகும். அப்போதும் ஒற்றைப் பதில் கிடைக்காது. ஈராக்கை ஆண்ட சதாம் உசேன் 1990இல் குவைத்தைப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. அந்த ஒரு போரில் எல்லாமே இருக்கிறது.

ஈரானோடு எட்டு வருடம் சண்டை போட்டு 1988இல் முடித்தபோது ஈராக்கின் கழுத்து வரை கடன். குவைத்துக்கும் பெருந்தொகை பாக்கி. அந்த நேரத்தில் குவைத், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் தனக்கு வகுத்த ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்தது. 1990 தொடக்கத்தில் 20 டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை அந்தக் கோடையில் 15 டாலருக்கும் கீழே போனது. இரு நாட்டு எல்லையில் உள்ள ருமைலா எண்ணெய் வயலில் எங்கள் எண்ணெயைத் திருடுகிறார்கள் என்று சதாம் குற்றம் சாட்டினார். ஜூலை 25 அன்று அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாஸ்பியைக் கூப்பிட்டுப் பேசினார். ஆகஸ்ட் 2 அன்று படை குவைத்துக்குள் நுழைந்தது.

கடன், எண்ணெய், துறைமுகத்துக்கு வழி, அமெரிக்கா கண்டுகொள்ளாது என்ற கணக்கு என்று பொருளாதாரமும் அரசியலும் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2003 டிசம்பரில் பிடிபட்ட சதாமைப் பல மாதம் உட்கார்ந்து விசாரித்தவர் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஜார்ஜ் பியரோ. அவரிடம் சதாம் சொன்னது வேறு. பேச்சுவார்த்தையின்போது குவைத் மன்னரான அமீர் ஈராக்கியப் பெண்களை இழிவாகப் பேசினார், அதற்குத்தான் தண்டித்தேன் என்றார். செய்தவரே வாய்விட்டுச் சொன்ன காரணம் அது. அது உண்மையா, தோற்றபின் தேடிக்கொண்ட நியாயமா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் கணிப்பு. கடன் நெருக்கிக்கொண்டிருந்த மனிதர் மீது ஒரு வசைச்சொல் விழுந்தால் அதன் எடையே வேறு.

விசாரணை அறையில் எதிரே உட்கார்ந்தவருக்கே இவ்வளவுதான் கிடைத்தது. டிவியில் முகத்தைப் பார்த்து ஒருவரின் நோக்கத்தை வாசித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

நேருல், இளைஞர்: சார், 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாக்குதல் செய்தி வந்ததும் ஈரான் தலைவர் விடவே மாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். விலை ஏறும் என்று நம்பி, திங்கள் காலை கச்சா எண்ணெயில் வாங்கும் பக்கம் பணம் போட்டேன். ராத்திரிக்குள் பெரும் பகுதி போய்விட்டது. எப்படி?

மனசு கஷ்டமாக இருக்கிறது, தம்பி. அன்று என்ன நடந்தது என்று நிதானமாகப் பாருங்கள். உலகச் சந்தை அளவுகோலாக வைக்கும் பிரெண்ட் கச்சா எண்ணெயின் விலை திங்கள் காலை 81 டாலரைத் தாண்டியது. நீங்கள் நுழைந்தது அங்கேதான். மாலையில் கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்கத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை வீசியது. "விடவே மாட்டார்" என்ற கணிப்பு ஒரு வகையில் பலித்துவிட்டது. ஆனால் விலை சரிந்து, சந்தை முடியும்போது 71.48இல் நின்றது. மறுநாள் 67 சொச்சம். போர் தொடங்குவதற்கு முந்தைய நாள் 69 சொச்சம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏனென்றால் சந்தை பார்த்தது தலைவரின் கோபத்தை அல்ல, ஏவுகணை எங்கே விழுந்தது என்பதை. முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு ஒரு ராணுவத் தளத்தை அடித்தார்கள். ஒரு கப்பலையோ ஏற்றுமதி முனையத்தையோ தொடவில்லை. ஒரு பீப்பாய்கூடக் குறையவில்லை என்று தெரிந்ததும், பயத்துக்காக ஏற்றிவைத்த விலை இறங்கிவிட்டது.

1991 ஜனவரி 17 இதைவிடப் பெரிய பாடம். குவைத்தை மீட்க அமெரிக்கக் கூட்டணி தாக்கத் தொடங்கிய நாள் அது. விலை எகிறும் என்றுதான் உலகமே நினைத்தது. அவசர எண்ணெய்க் கையிருப்பைத் திறப்பதாக அமெரிக்கா அறிவித்தது, சவுதி வயல்கள் பத்திரமாக இருந்தன. ஒரே நாளில் விலை 10 டாலருக்கு மேல் விழுந்தது. போர் வரும் என்று சரியாகக் கணித்தவர்களும் அன்று பணத்தை இழந்தார்கள்.

தலைவரின் மனசை ஊகித்து, அந்த ஊகத்தின் மேல் வீட்டுப் பணத்தை வைக்காதீர்கள். கடன் வாங்கிப் போட்டிருந்தால் உடனே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

டோம்பிவிலி, இல்லத்தரசி: பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணையை மூடுவோம் என்று ஈரான் நாடாளுமன்றமே முடிவு செய்ததே. அது வெறும் மிரட்டலா?

நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. இறுதி முடிவு தேசியப் பாதுகாப்பு கவுன்சில் கையில் இருந்தது. மிரட்டலா, நிஜமா என்று அவர்கள் நெஞ்சைத் திறந்து பார்க்க நம்மால் முடியாது. ஆனால் அவர்கள் கையை எது கட்டிப்போடுகிறது என்று பார்க்கலாம். ஈரானின் சொந்த எண்ணெயே கார்க் தீவில் ஏற்றப்பட்டு அந்த நீரிணை வழியாகத்தான் சீனாவுக்குப் போகிறது. மூடினால் முதலில் தன் வருமானமும் நிற்கும், தன் முக்கிய வாடிக்கையாளரும் கோபிப்பார்.

உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வழியே வருகிறது. நம் நாடு ஒரு நாளில் செலவழிக்கும் சுமார் 55 லட்சம் பீப்பாயில் 15 முதல் 20 லட்சம் அந்த வழிதான். அதனால் பயம் நியாயமானது. நான் வேலையில் இருந்தபோது இப்படிப்பட்ட நாட்களில் பேச்சை விட்டுவிட்டு இரண்டைத்தான் பார்ப்போம்: போர் அபாயத்துக்கான இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு கேட்கிறார்கள், கப்பல் முதலாளிகள் வளைகுடாவுக்குள் கப்பலை விடச் சம்மதிக்கிறார்களா. இந்த 22ஆம் தேதி இரண்டு பெரிய காலி டேங்கர்கள் நீரிணை வரை வந்து திரும்பின. அதில் ஒன்று மறுநாள் மறுபடியும் உள்ளே போனது. என்னைக் கேட்டால் எந்தத் தலைவரின் பேச்சைவிடவும் அந்தக் கப்பல் திரும்பி உள்ளே போனதுதான் அன்றைக்குப் பெரிய செய்தி.

தாராவி, சிற்றுண்டிக் கடைக்காரர்: அண்ணாச்சி, கமர்ஷியல் சிலிண்டர் விலை ஏறுமா?

வளைகுடா விலையை ஒட்டி மாதம் ஒன்றாம் தேதி மாறுவது அது. நமக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. ஆனால் சண்டை சீக்கிரமே நின்றுவிட்டதால், இதைக் காரணம் காட்டி அடுத்த மாதம் பெரிதாக ஏற வழி இல்லை. பயந்து கூடுதல் சிலிண்டர் வாங்கிக் கடைக்குள் அடுக்காதீர்கள். நெருக்கமான சந்து, ஆபத்து.

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1986இல் சோவியத்தைக் கவிழ்க்க அமெரிக்க அதிபர் ரீகன் சொல்லித்தான் சவுதி விலையை விழவைத்தது என்று படித்திருக்கிறேன். இது நிரூபணமான விஷயம்தானே?

இல்லை, ஐயா. பலரும் நம்புகிற கதை அது. சோவியத் வருமானம் அடிபட்டது உண்மை. ஆனால் சவுதிக்குச் சொந்தக் காரணம் தாராளமாக இருந்தது. விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காகத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்து, 1980இல் நாளுக்கு ஒரு கோடி பீப்பாய் அளவில் இருந்தது 1985 கோடையில் 25 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மற்ற நாடுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இழந்த சந்தையைத் திரும்பப் பிடிக்க சவுதி எண்ணெய் அமைச்சர் யமானி குழாயைத் திறந்துவிட்டார். விலை 10 டாலர் பக்கம் விழுந்தது. பாரசீக வளைகுடாவில் ஈரானும் ஈராக்கும் டேங்கர்களை அடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்!

இன்னொன்று: 1986 ஏப்ரலில் அமெரிக்கத் துணை அதிபர் புஷ் சவுதிக்குப் போய், இவ்வளவு குறைந்த விலை எங்கள் உற்பத்தியாளர்களை அழிக்கிறது என்று கவலை தெரிவித்தார். அமெரிக்கா கேட்டு வாங்கிய விலை என்றால் துணை அதிபர் ஏன் போய் அப்படிப் பேச வேண்டும்? இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதை விட்டுவிட்டே சொல்கிறார்கள்.

பலனை வைத்து நோக்கத்தைக் கண்டுபிடிக்கப் போனால் கணக்கு எங்கெங்கோ போய் நிற்கும். அமெரிக்கா 2003இல் ஈராக்கைப் பிடித்தது எண்ணெய்க்காகத்தான் என்பார்கள்; ஆனால் 2009 ஈராக் ஏலத்தில் ருமைலா வயல் பிரிட்டனின் பி.பி.க்கும் சீனாவின் சி.என்.பி.சி.க்கும் சேர்ந்து கிடைத்தது. 2022இல் உக்ரைன் போருக்குமுன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் மிகச் சொற்பம். அடுத்த ஆண்டே மூன்றில் ஒரு பங்கு. மலிவாக வாங்கினோம். அதற்காக அந்தப் போரை நாம் தூண்டினோம் என்று யாரும் சொல்ல முடியுமா?

கோவண்டி, டெம்போ ஓட்டுநர்: வெளிநாட்டுத் தலைவர்களை விடுங்க சார். நம்ம ஊரில் விலையைத் தேர்தலுக்காகப் பிடித்து வைப்பதில்லையா? அதையும் ஊகம் என்பீர்களா?

அங்கே உங்கள் பக்கம் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2018 கர்நாடகத் தேர்தலுக்கு முன் பங்க் விலை நாள் கணக்கில் அசையவில்லை, வாக்குப்பதிவு முடிந்ததும் ஏறியது. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 22 வரை நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே நின்றது. நடுவில் உக்ரைன் போரே தொடங்கி, கச்சா எண்ணெய் 130 டாலரைத் தாண்டியது. ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்த பிறகு 80 பைசா, 80 பைசாவாக ஏற்றினார்கள். ஒரே நடத்தை, ஒரே சூழலில், மறுபடி மறுபடி வரும்போது நோக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஒரு தடவை நடந்ததை வைத்துப் பேசுவது வேறு, இது வேறு.

சயான், ஒரு தாயார்: மகன் தோஹாவில் இருக்கிறான். 23ஆம் தேதி ராத்திரி ஏவுகணை போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். திரும்பக் கூப்பிட்டுவிடட்டுமா?

அம்மா, இப்போது சண்டை நின்றிருக்கிறது, விமானங்கள் ஓடுகின்றன. வேலையை விட்டுவிட்டு உடனே வரச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் சில காரியங்களை இன்றே செய்யச் சொல்லுங்கள். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியட்டும். பாஸ்போர்ட் அவன் கையில் இருக்கட்டும்; முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது கத்தார் சட்டப்படியே குற்றம். திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தை ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே தனியாக வைத்திருக்கட்டும்.

1990இல் குவைத்தில் மாட்டிக்கொண்ட நம்மவர்களில் பலரும் பாலைவனம் தாண்டி ஜோர்டான் தலைநகர் அம்மான் வரை சாலை வழியே போய்த்தான் விமானம் ஏறினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பயணத்தில் கையில் பாஸ்போர்ட்டும் கொஞ்சம் பணமும் வைத்திருந்தவர்கள் அதிகம் அலையாமல் வந்தார்கள். மகனிடம் இன்று ராத்திரியே பேசுங்கள்.