இன்டர்வியூவுக்கு எப்படி தயார் ஆகறது? உள்ள போனா வார்த்தையே வரமாட்டேங்குது

நல்லா படிச்சிட்டு தான் போறேன், ஆனா எதிர்ல ஆள் உக்காந்திருந்தா எல்லாம் மறந்து போகுதுன்னு எழுதியிருக்கீங்க. நான் கொஞ்ச வருஷமா அந்தப் பக்கம் உக்காந்து கேள்வி கேக்கறவன், அங்கிருந்து பாத்ததை சொல்றேன்.

எங்க கையில ஒரு ஷீட் இருக்கும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் மார்க். 2022ல பால் சாக்கெட்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் வேலைக்கு ஆள் எடுக்கற முறைகளைப் பத்தின பழைய ஆய்வுகளை எல்லாம் திரும்ப கணக்கு போட்டு பாத்தப்போ, வேலையில யாரு நல்லா பண்ணுவாங்கன்னு கணிக்கறதுல இந்த மாதிரி இன்டர்வியூ தான் முதல்ல வந்துச்சு. அதனால நீங்க சொல்றதுல அந்த ஷீட்ல எழுதிக்கற மாதிரி ஏதாவது இருக்கணும். "நான் ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர்"னு சொன்னா என்னத்த எழுதறது? அதுவே "அந்த ரிப்போர்ட் எடுக்க முன்னாடி அரை நாள் ஆகும், நான் எக்செல்ல ஃபார்முலா போட்டு மாத்தினேன், அப்புறம் பத்து நிமிஷத்துல வந்துச்சு"ன்னு சொன்னா பேனா தானா ஓடும்.

பதில் சொல்றதுக்கு ஸ்டார்னு ஒரு முறை இருக்கு, சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட். நிறைய பேர் சிச்சுவேஷனயே அஞ்சு நிமிஷம் ஓட்டிடறாங்க, அதை ரெண்டு வரியில முடிச்சிட்டு ஆக்‌ஷனுக்கு வாங்க, மார்க் அங்க தான் இருக்கு. அதுலயும் "நாங்க பண்ணோம், நாங்க முடிச்சோம்"னே போனா அடுத்த கேள்வி "சரி, அதுல நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு தான் வரும், நல்லா வேலை தெரிஞ்சவங்க கூட அங்க தான் திணறுறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

தயாராகறதுன்னா ரெஸ்யூமேல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் ஏன் பண்ணீங்க, வேற வழி இருந்துச்சா, எங்க சிக்குச்சுன்னு உங்களையே கேட்டு, பதிலை வாய் விட்டு சொல்லிப் பாருங்க. மனசுக்குள்ள படிக்கறது வேற, வாயால சொல்றது வேற, உங்க பிரச்சனையே இது தான்னு நினைக்கறேன். போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, ஆனா வரிக்கு வரி மனப்பாடம் பண்ணாதீங்க ப்ளீஸ், நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னா மொத்தமும் போயிடும். பாயின்ட் மட்டும் ஞாபகம் இருந்தா போதும்.

வேலை விளம்பரத்துல என்னென்ன கேட்டிருக்காங்களோ அது ஒவ்வொண்ணுக்கும் நீங்க செஞ்ச ஒரு சம்பவம் கையில இருக்கட்டும். டிரெஸ், நேரத்துக்கு போறது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரியாத கேள்வி வந்தா "ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்"னு தாராளமா சொல்லலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அப்புறம் யோசிக்கறதை வெளிய சொல்லிக்கிட்டே போங்க, பாதி வழியில நின்னா கூட எப்படி யோசிக்கறீங்கன்னு எங்களுக்கு தெரிஞ்சிடும். அடிச்சு விட்டா மட்டும் அடுத்த கேள்வியிலயே மாட்டிப்பீங்க.

கடைசியில "ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேப்பாங்க, இல்லன்னு சொல்லிட்டு எழுந்துக்காதீங்க. முதல் மூணு மாசத்துல இந்த வேலைக்கு வர்றவங்க கிட்ட இருந்து என்ன எதிர்பாக்கறீங்கன்னு கேளுங்க, அந்த வேலை உங்களுக்கு ஒத்து வருமான்னு நீங்களும் தெரிஞ்சுக்கலாம்.