3,900 பவுண்டு பேக்கேஜ்: கையில் எவ்வளவு இருந்தால் போகலாம்?

கேள்வி: எனக்கு 38 வயது. லண்டன் ஹரோவில் இருக்கிறேன். இரண்டு சிசேரியன். தொப்புளைச் சுற்றி வயிறு தள்ளி நிற்கிறது, கீழே தோல் தொங்குகிறது. அதைச் சரிசெய்வது அழகுக்கான அறுவை, என்.எச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவச் சேவையில்) செய்ய மாட்டார்கள் என்று ஜி.பி. (குடும்ப மருத்துவர்) சொல்லிவிட்டார். லண்டனில் ஒரு தனியார் மருத்துவமனை டம்மி டக்குக்கு (தொங்கும் தோலை வெட்டி வயிற்றைத் தட்டையாக்கும் அறுவைக்கு) 9,200 பவுண்டு கேட்டது. இஸ்தான்புல்லில் 3,900க்கு முடித்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஆறு இரவு ஹோட்டல், விமான நிலையக் கார் எல்லாம் இதில் அடக்கமாம். வெள்ளிக்கிழமைக்குள் 500 பவுண்டு முன்பணம் அனுப்பினால் இடுப்பு லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) இலவசமாம். சேமிப்பு 4,500 இருக்கிறது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். இந்தப் பணம் போதுமா?

பதில்: போதாது. சம்பள இழப்பைத் தனியாக வைத்துவிட்டு, 7,500 பவுண்டு சேரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை அந்த 500ஐ அனுப்பவும் வேண்டாம்.

அந்த ஆறு இரவிலிருந்து தொடங்குவோம். முதல் நாள் போய் இறங்குவீர்கள். இரண்டாம் நாள் அறுவை. ஏழாம் நாள் விமானம். அதாவது வயிற்றை இடுப்பெலும்பு முதல் இடுப்பெலும்பு வரை அறுத்துத் தைத்த ஐந்தாம் நாளில், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வரப்போகிறீர்கள். பெரிய வயிற்று அறுவை முடிந்தவர் 10 நாள் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் வழிகாட்டல். அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் அபாயமும் உண்டு. ஆறு இரவு என்று முடிவு செய்தது மருத்துவர் அல்ல. விளம்பரத்தில் போட 3,900 என்ற எண் வர வேண்டுமே என்று கணக்குப் பார்த்தவர்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த அறுவையில் வரும் தொல்லைகளில் பல முதல் வாரத்தில் தலைகாட்டுவதில்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவே ஊறும் நீர் வெளியேற வடிகுழாய் வைப்பார்கள். 24 மணி நேரத்தில் வடிவது ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் அதை எடுப்பது வழக்கம். சிலருக்கு ஐந்து நாள், சிலருக்குப் பத்து நாள் ஆகும். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று முன்கூட்டியே உருவினால், உள்ளே நீர் தேங்கி இரண்டாம் வாரத்தில் வயிறு தளும்பும். ஊசி போட்டு உறிஞ்ச வேண்டும்; ஒரு தடவையில் தீராது. தையலின் நடுப்பகுதிக்குத்தான் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அங்கே தோல் கருத்து இறப்பது தெளிவாகத் தெரிய இரண்டாம் வாரம்கூட ஆகலாம். அப்போது நீங்கள் ஹரோவில் இருப்பீர்கள். ஏஜென்டுக்குப் படம் எடுத்து அனுப்பினால், 'நார்மல் டியர், கிரீம் போடுங்கள்' என்று பதில் வரும். இப்படிப்பட்ட பேக்கேஜ்களில் 'ஆயுள்காலப் பின்கவனிப்பு' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். பேக்கேஜ் 3,900. கிளம்புமுன் இங்கே ரத்தப் பரிசோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவற்றுக்கு 250. தனியாகப் போகவே கூடாது. துணைக்கு ஒருவரையும் சேர்த்து இரண்டு டிக்கெட், அதுவும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட், 600. மலிவான டிக்கெட் எடுத்துவிட்டு, வடிகுழாய் எடுக்கவில்லை என்பதற்காகக் கடைசி நேரத்தில் புதிதாக வாங்குகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். மேலும் ஐந்து இரவு தங்க, இரவுக்கு 80 வீதம் 400. துணைக்கு வருபவரின் சாப்பாடு, டாக்சி 250. ரத்தம் உறையாதிருக்கும் ஊசி, மருந்து, கட்டுத்துணி, மாற்றிப் போட இரண்டாவது இறுக்க உடை ஆகியவற்றுக்கு 150. அந்த உடையை ஏறக்குறைய ஆறு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். ஒன்றே ஒன்று கொடுத்தால் துவைக்கிற நாளில் என்ன செய்வீர்கள்? திரும்பியபின் தனியார் நர்ஸிடம் சில தடவை கட்டு மாற்ற, ஒரு முறை இங்குள்ள பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்ட 400. கூட்டினால் 5,950. இதற்கு மேல் 1,500ஐத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். ஆக 7,450.

லண்டன் விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 5,300 அல்ல, 1,750. எல்லாம் நல்லபடியாக முடிந்து ஒதுக்கீட்டைத் தொடாமல் வந்தால் 3,250 மிச்சம். லண்டன் தொகையில் பின்னால் வரும் கட்டு மாற்றமும், குறிப்பிட்ட காலம்வரை சிக்கல்களுக்கான சிகிச்சையும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். எழுத்தில் வாங்கிப் பாருங்கள். இந்த வித்தியாசத்துக்காகப் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் முடிவெடுக்க வேண்டிய எண் இது.

1,500 எதற்கு என்று கேட்பீர்கள். 'திருத்த அறுவை இலவசம்' என்று ஏஜென்ட் சொல்வார். இலவசம் என்பது பெரும்பாலும் சர்ஜனின் கூலி மட்டும். மயக்க மருந்து, அறுவைக் கூடம், ஹோட்டல், இரண்டு டிக்கெட், மறுபடியும் விடுப்பு எல்லாம் உங்கள் தலையில். அதுவும் தழும்பு ஆறியபின், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் செய்வார்கள். அதற்குள் அந்த ஏஜென்டின் எண் வேலை செய்கிறதா என்பதே சந்தேகம். சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டு வெளிநாட்டில் செய்துகொள்ளும் அறுவைக்குப் பணம் தராது; இதற்கென்று விற்கும் தனிக் காப்பீடும் எந்தச் சிக்கலை ஏற்கும் என்பதைப் பொடி எழுத்து வரை படித்தபின்தான் வாங்க வேண்டும்.

சம்பள இழப்பைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் உங்கள் வேலை. அலுவலக மேசையில் இருப்பவர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். முதியவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் வேலை ஆறு வாரத்துக்குக் கூடாது. உள்ளே விலகிய தசையைச் சேர்த்துத் தைத்திருந்தால் எட்டு வாரம் என்றே வையுங்கள். அவசரப்பட்டுத் தூக்கினால் அந்தத் தையல் விட்டுப்போகும், முழுச் செலவும் வீண். சிலர் இதை நோய் விடுப்பாக ஏற்பார்கள், சிலர் ஆண்டு விடுப்பில் கழிப்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் தூக்கச் சொல்லி அழும் குழந்தை இருந்தால் அதற்கும் ஆள் வேண்டும்.

இனி ஏஜென்ட். இவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

இங்கிலாந்தில் மருத்துவமனையைக் கண்காணிக்க ஒரு அமைப்பு இருக்கிறது, மருத்துவரைக் கண்காணிக்க ஜி.எம்.சி. (பொது மருத்துவக் கவுன்சில்) இருக்கிறது. வீட்டு வரவேற்பறையிலிருந்து இன்ஸ்டாகிராமில் அறுவை விற்பவருக்கு அப்படி உரிமம் தந்து கண்காணிக்கும் அமைப்பு இங்கே இல்லை. முடி வெட்டும் கடைக்குக்கூட அதைவிடக் கூடுதல் கேள்விகள் கேட்பார்கள். அழகு சிகிச்சை செய்யும் மருத்துவர் தானே நோயாளியிடம் பேசி ஒப்புதல் பெற வேண்டும், யோசிக்க அவகாசம் தர வேண்டும் என்று ஜி.எம்.சி. 2016இல் விதி வகுத்தது. உங்களுக்கு யோசிக்க அவகாசம் தருவதா இல்லையா என்பதை முடிவு செய்கிறவர், கமிஷனில் வாழும் ஒருவர். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பது மருத்துவக் கெடு இல்லை. அடுத்த வாரம் கேட்டாலும் அதே விலைதான் இருக்கும்.

துருக்கி அரசு இந்த விஷயத்தில் நம்மைவிட மேல். வெளிநாட்டு நோயாளிகளை எடுக்கும் மருத்துவமனையும், அவர்களைக் கூட்டி வரும் இடைத்தரகு நிறுவனமும் அங்குள்ள சுகாதார அமைச்சகத்திடம் சர்வதேசச் சுகாதாரச் சுற்றுலா அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். அரசின் ஹெல்த் துர்கியே தளத்தில் அங்கீகாரம் பெற்றவர்களைத் தேடிப் பார்க்கலாம். ஏஜென்டிடம் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். மருத்துவமனையின் பெயர், சர்ஜனின் முழுப் பெயர், அவர் பிளாஸ்டிக் அறுவையில் சிறப்புத் தகுதி பெற்றவரா என்பது, அதே சர்ஜனுடன் பணம் கட்டுமுன் ஒரு வீடியோ அழைப்பு ஆகியவற்றையும் கேளுங்கள். 'எங்கள் டாக்டர் குழுவில் ஒருவர்' என்று பதில் வந்தால், அன்று யாருக்கு ஓய்வு இருக்கிறதோ அவர் அறுப்பார் என்று பொருள். மருத்துவமனைக்குச் சர்வதேசத் தரச்சான்று இருப்பதாகக் காட்டுவார்கள். அது கட்டடத்துக்கும் நடைமுறைக்கும் கொடுத்தது, கத்தி பிடிக்கும் கைக்குக் கொடுத்ததல்ல.

பணம் கட்டும் வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நுகர்வோர் கடன் சட்டம் 1974இன் 75ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய துணை. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றுக்கு, ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், விற்றவர் ஒப்பந்தத்தை மீறினாலோ பொய் சொல்லி விற்றிருந்தாலோ, முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும். ஆனால் பணம் போன இடமும் சேவை தந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு மருத்துவமனையில் அறுத்துக்கொண்டால் சங்கிலி அறுந்தது. வங்கிப் பரிமாற்றத்துக்கும், அறுவைக் காலையில் கவுன்ட்டரில் எண்ணிக் கொடுக்கும் ரொக்கத்துக்கும் இந்தப் பாதுகாப்பே இல்லை. டெபிட் கார்டுக்கும் இந்தப் பிரிவு கிடையாது. மருத்துவமனையின் பெயருக்கே கிரெடிட் கார்டில் கட்ட விடுவார்களா என்று கேளுங்கள்; தயங்கினால் விட்டுவிடுங்கள். தழும்பு எனக்குப் பிடிக்கவில்லை என்று இந்தப் பிரிவில் கேட்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

'இலவச' லைப்போசக்ஷன் வேண்டவே வேண்டாம். ஒரே மயக்கத்தில் மேலும் ஒன்று சேர்க்கச் சேர்க்க, மேசையில் கிடக்கும் நேரம் நீளும், ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும், உடைந்த கொழுப்பு ரத்தக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் சேரும். டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவைக்குப் போய், 2009 முதல் 2022 வரை 93 அமெரிக்கர்கள் இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. விவரமாக ஆராய்ந்த இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கொழுப்பு அடைப்பும் ரத்தக்கட்டியும். ஒரே நேரத்தில் பல அறுவைகளைச் செய்துகொண்டவர்களே அவர்களில் அதிகம். கடைக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவது போல இந்த லைப்போசக்ஷனைப் போடுகிறார்கள்.

என்.எச்.எஸ்.ஸில் செய்ய மாட்டார்கள் என்று உங்கள் ஜி.பி. சொன்னார் அல்லவா, அதில் உங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒரு விலக்கு உண்டு. தொப்புளைச் சுற்றித் தள்ளி நிற்பது, தசைகள் விலகியதால் மட்டுமா, அல்லது வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து குடலிறக்கமே (ஹெர்னியா) இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அல்ட்ராசவுண்ட் கேட்டேன். இருமினால் புடைக்கிறதா, வலிக்கிறதா, படுத்தால் உள்ளே போகிறதா என்று கவனித்து ஜி.பி.யிடம் சொல்லுங்கள். வலி தரும் குடலிறக்கம் மருத்துவக் காரணம். அதை அழகு என்று யாரும் ஒதுக்க முடியாது. 18 வாரம் என்று என்.எச்.எஸ். சொல்லும் வரிசை எத்தனை மாதமாகும் என்பது வேறு கதை. ஆனால் இங்கே ஒரு சிக்கல். தொப்புளைத் திறந்து குடலிறக்கத்தைச் சரிசெய்தபின், பிறகு டம்மி டக் செய்தால் தொப்புளுக்கான ரத்த ஓட்டம் குறைந்து அது கருகிப்போகும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் எது முதலில், இரண்டையும் சேர்த்தா பிரித்தா என்பதை இரண்டு சர்ஜன்களும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்கேன் எடுக்காமலேயே இஸ்தான்புல் போனால் இது மேசையில்தான் தெரியவரும். குடலிறக்க ஓட்டையின் மேல் வலை வைத்துத் தைக்கக் கூடுதல் 800, 1,000 என்று, மயக்கத்துக்கு முந்திய ஊசி போட்டபின் உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள்.

ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் முன்பே எடுங்கள். மாதவிடாய் அதிகமாக இருக்கும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருப்பது சாதாரணம். இரும்புச்சத்து மாத்திரை அதைத் தேற்ற இரண்டு மூன்று மாதம் எடுக்கும். போய் இறங்கிய காலையில் எடுக்கும் ரத்தத்தில் குறைவு தெரிந்தால், அறுவையும் போகும், முன்பணமும் போகும். அவசரப்பட்டு அறுத்தால் அது இன்னும் மோசம். குடும்பத்தில் நீரிழிவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் பாருங்கள். சர்க்கரை கூடினால் தையல் சேரத் தாமதமாகும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் நான்கு வாரம் முன்பு நிறுத்துவது பற்றி ஜி.பி.யிடம் பேசுங்கள். நம் தோலில் தழும்பு தடித்துக் கருப்பது அதிகம். காது குத்திய இடத்தில் உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்காவதோ கட்டிபோல் தழும்பு வளர்ந்திருந்தால் சர்ஜனிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அங்கிருந்து கிளம்புமுன் ஆங்கிலத்தில் அறுவைக் குறிப்பு, கொடுத்த மருந்துகளின் பட்டியல், வலை வைத்திருந்தால் அதன் தயாரிப்பு எண், விமானம் ஏறலாம் என்ற சான்று ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் இங்கே திரும்பினால், ஜி.பி. சர்ஜனைக் கேளுங்கள் என்பார், 111இல் (என்.எச்.எஸ். ஆலோசனைத் தொலைபேசி) பேசுபவர் அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்பார், அங்கே நோய்த்தொற்றை அடக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள், தனியார் சர்ஜன் மற்றவர் கை வைத்த புண் என்று தயங்குவார். சுடுகாய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையும் வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். மூச்சுத் திணறினால் 999, மற்றதற்கு அன்றே அவசரப் பிரிவு. அறுவையை வெளிநாட்டில் செய்தீர்கள் என்பதற்காக உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்க மாட்டார்கள்.

முதலில் ஸ்கேன் எடுங்கள். குடலிறக்கம் இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். முடிவு வந்ததும் எழுதுங்கள்.